பதினோராம் இலக்கத் துவக்கு

ஓய்வுபெற இரண்டு வாரம் இருந்தபோது, அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒருமணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டார்கள். இப்போதெல்லாம் ஒரு பொருளைப் பற்றி எந்தத் தீர்மானமும் எடுக்கமுதல், அது எந்த மக்களிடமிருந்து வந்ததோ அவர்களுக்கு எழுதிக் கேட்கவேண்டும். அந்த விதி ஏன் வேண்டியிருந்தது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்லச் சொன்னார்கள். நான் ஈரப்பதத்தைப் பற்றியும் அந்துப்பூச்சியைப் பற்றியும் பேசிவிட்டு இறங்கினேன். நன்றாகக் கைதட்டினார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்ப் பக்கத்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அகதியாக ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டு பேஸ்மென்றில் இருந்துகொண்டு, கல்லூரியில் ஆவணப் பராமரிப்புப் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தச் சிறிய அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. எங்கள் சனத்தில் பெரும்பாலானவர்கள் அப்போது உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பருத்திக் கையுறை போட்டு வேலை செய்தேன். அந்த அட்டையை பஸ்ஸிலும் கழற்றமாட்டேன். எனக்குத் தலைக்கனம் இருந்தது. அதை மறைக்க முயன்றதாகவும் நினைவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் மிஸிஸ் வின்ரர்ஸ். அறுபதை எட்டியவர், உயரம், பேச்சு மிகக் குறைவு. நான் எழுதிய அட்டைகளை ஒருபோதும் இருந்து படிக்கமாட்டார், நின்றபடிதான் படிப்பார். பிழை என்று வாயால் சொன்னதில்லை. எங்காவது பிழை கண்டால் தன் அழிறப்பரை அந்த வரிக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் எல்லாவற்றையும் முதலில் பென்சிலால்தான் எழுதவேண்டும். அழிறப்பரைக் கண்டால் அந்த வரியைத் திரும்ப யோசித்து, அழித்து, எழுதி, அழிறப்பரைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மை. மூன்று வருடத்தில் என் அட்டைகளில் அந்த அழிறப்பர் இரண்டே தரம்தான் இருந்தது. இந்தக் கணக்கை நான் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் துவக்குகள் வந்தன. பதினான்கு. சாம்பியா நாட்டின் வடமேற்கில், அது பிரித்தானியரின் கையில் இருந்த காலத்தில், மிஷன் வைத்தியசாலை ஒன்றை நடத்திய ஒரு டொக்டரின் சொத்து. அவர் இறந்தபின் மகள் எங்களுக்குத் தந்தார். எல்லாம் வாய்வழியாக வெடிமருந்து இடித்து நிரப்பிச் சுடுகிற பழைய நீளத் துவக்குகள். கூடவே டொக்டரின் குறிப்புப் புத்தகம். அதில் ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு வரி இருந்தது. பதினோராவதுக்கு, ‘நன்றியுள்ள நோயாளி ஒருவரின் அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தார்.

சாமான் இறக்கும் வாசலில் காவல் வேலை செய்த கனகசபை அண்ணை பெட்டிகளைத் திறந்தபோது பக்கத்தில் நின்றார்.

“என்ன பிள்ளை, அங்க துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்ச கிளவுஸ் போட்டுத் துவக்குக்குத் தூசு தட்டுறாய்?”

“வேலை அண்ணை. நீங்களும்தானே வாசலில நிண்டு காவல் காக்கிறியள்.”

“நான் காக்கிறது வாசலை. உது என்ர பொறுப்பில்லை. வெடிச்சால் நான் முதல் ஆளா ஓடுவன், இப்பவே சொல்லிப்போட்டன்.”

துவக்கு ஒன்றைப் பதிவு செய்யும் முறை இது. முதலில் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைக்கவேண்டும். ஒரு மெல்லிய மரக்கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரலால் பிடித்து வெளியே எடுத்து, அதே கோலைக் குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பார்க்கவேண்டும். உள்நீளமும் வெளிநீளமும் ஒத்துவந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஒத்துவராவிட்டால், எவரோ எப்போதோ நிரப்பிவிட்டுச் சுடாமல் விட்ட மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது. பிறகு நீளம், வாயின் அகலம், பிடியின் சுற்றளவு, ஆணிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் இடையிலுள்ள தூரம். பிறகு படம். எல்லாம் முடிந்தபிறகுதான் அது என்ன என்று எழுதத் தொடங்கலாம்.

பதினோராவது துவக்கின் விசைப்பகுதி பழைய ஐரோப்பிய வேலை. மரப்பிடி ஆபிரிக்கக் கொல்லர்கள் செதுக்கிப் போட்டது. ஏழு பித்தளை ஆணிகளை ஒரு வட்டமாக அடித்திருந்தார்கள். பிடியும் குழலும் சேருகிற இடத்தில் ஏதோ விலங்கின் தோலைப் பச்சையாகச் சுற்றிக் காயவிட்டு இறுக்கியிருந்தது. அடியில் அரசாங்கம் குத்திய இலக்கம். நான் குழலின் வாயருகே விளக்கைப் பிடித்தேன். உட்புறத்தில், திருகிப் பொருத்துவதற்கான புரி வெட்டிய அடையாளம், பாதி தேய்ந்து, தெரிந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது துவக்குக்கென்று செய்த குழல் அல்ல, தண்ணீர்க் குழாய்.

எப்படி விளங்கியது என்பதை அன்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பா அடுத்தவர்களின் வயலுக்குப் பன்றிக் காவல் இருந்தவர். முதலாளி அவரிடம் ஒரு இடியன் துவக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர்க் குழாயில் ஊர்க் கொல்லன் செய்தது. மருந்தை இடித்து இடித்து நிரப்புவதால் அந்தப் பெயர். அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது வகுப்புப் பிள்ளைகள் யாராவது ரோட்டில் நின்றால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஏழைகளின் சாமான், காட்டுச் சாமான், களவுச் சாமான் என்று எனக்குள் ஒரு எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் பதினோராம் இலக்கத்தின் முன் இருந்தேன். மற்றப் பதின்மூன்றும் சரித்திரம். இது மட்டும் போலி என்று பட்டது.

அந்த நேரம் கனடாவில் துவக்குச் சட்டங்களை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிர்வாகக் குழு பயந்துபோய், சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாக ஒரு படிவம் தயாரித்தது. பழைய காலத்தைச் சேர்ந்தவை களஞ்சியத்தில் இருக்கலாம். பின்னாளில் செய்த முக்கிய உறுப்பு ஏதாவது இருந்தால் அந்தத் துவக்கைப் பொலிசிடம் அழிக்கக் கொடுத்துவிடவேண்டும். நான் பதினோராவதின் படிவத்தில், ‘குழல் பின்னாளில் தண்ணீர்க் குழாயில் செய்யப்பட்டது’ என்று எழுதினேன்.

அடுத்தநாள் அந்த வரியின் மேல் அழிறப்பர் இருந்தது.

நான் அழிக்கவில்லை. அழிறப்பரை எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

“இது குழாய்தான், மிஸிஸ் வின்ரர்ஸ். புரியைக் காட்டட்டுமா?”

“நானும் பார்த்தேன்.”

“அப்படியென்றால் என்ன பிழை?”

“பழுதுபார்த்திருக்கிறார்கள். அந்தத் துவக்கு அதே துவக்குத்தான். குழாயைப் பற்றிக் குறிப்புப் பகுதியில் எழுதலாமே. இந்தக் கட்டத்தில் எழுதினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்.”

“உண்மையைக் கட்டம் பார்த்தா எழுதுவது?”

அவர் மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். “எனக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. திங்கட்கிழமை எனக்குச் சத்திரசிகிச்சை. ஆறு வாரம் வரமாட்டேன். இந்தத் துவக்கு யாருடையது என்று நமக்கு இன்னும் தெரியாது. நான் வரும்வரை வைத்திருப்போமா?”

“படிவம் இந்த மாதம் போகவேண்டும்.”

“சரி. இந்தப் படிவத்துக்குப் பொறுப்பு அதிகாரி நீதான். கையெழுத்து உன்னுடையது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் என்னை மதித்து அந்த இடத்தை எனக்கு விட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று, நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தக் கட்டடத்தில் குழாய்த் துவக்கு ஒன்றை அதற்குமுன் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதானே. கன்னங்கள் சுடச் சுட மையால் எழுதி, முழுப்பெயரையும் வைத்துக் கையெழுத்திட்டேன்.

பொலிஸ் வான் வந்தபோது கனகசபை அண்ணைதான் பெட்டியைப் பிடித்துக் கொடுத்தார்.

“பிள்ளை, உது எங்கட இடியன் மாதிரியெல்லோ கிடக்கு? உதையேன் குடுக்கிறாய்?”

“அதுக்காகத்தான் அண்ணை குடுக்கிறம். புதுசாச் செய்தது.”

“புதுசோ? உந்தத் தோலைப் பார், என்ர முதுகை விடப் பழசு. சரி, நீ படிச்சனி. படிச்ச ஆக்கள் சொன்னால் சரியாத்தானே இருக்கும்.”

அவர் பகிடியாகச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா என்று நான் நின்று கேட்கவில்லை.

மிஸிஸ் வின்ரர்ஸ் திரும்பிவந்து தட்டில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். “நான் போகமுதல் இதைத் தீர்த்துவைத்திருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். என்மேல் ஒரு வார்த்தை போடவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சண்டைபிடிக்க ஏதாவது இருந்திருக்கும்.

இலையுதிர் காலத்தில் மிஸ்டர் முக்கும்பி வந்தார். நாற்பது வயது இருக்கலாம். சாம்பியாவில் கணித ஆசிரியராக இருந்து, இங்கே பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். மிஷன் டொக்டரின் துவக்குகள் எங்களிடம் வந்த செய்தி அவருடைய தேவாலயத்தில் யாரோ மூலம் காதில் விழுந்திருக்கிறது. கோட்டுப் போட்டுக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்திருந்தார். மிஸிஸ் வின்ரர்ஸ் கூட்டம் ஒன்றில் இருந்ததால் நான்தான் அவரைக் களஞ்சியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நீளமேசையில் பதின்மூன்று துவக்குகளையும் இலக்கத் துண்டுகளோடு வரிசையாக வைத்து, அவருக்கும் ஒரு சோடி வெள்ளைக் கையுறை கொடுத்தேன்.

“இதைப் போட்டுக்கொண்டு துவக்குப் பிடித்தால் எங்கள் ஊரில் என்னை மாப்பிள்ளை என்று நினைப்பார்கள்” என்று சிரித்தார். “பகிடி இல்லை. முந்தி துவக்கு இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பெண் எடுக்கும்போது துவக்குக் கொடுப்பார்கள். குற்றம் செய்தால் துவக்கைக் கொடுத்துச் சமாதானம் செய்வார்கள். செத்தவீட்டில் துவக்கு வெடிக்காவிட்டால் செத்தது ஆண்பிள்ளையா என்று கேட்பார்கள்.”

முதலாவது துவக்கின் வாய்க்குள் சின்னவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். இரண்டாவதுக்குப் போனார். அதிலும் விரலை விட்டார். மூன்றாவதிலும்.

“என்ன தேடுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“புரி” என்றார். “என் மாமாவின் துவக்கு. பிடியில் ஏழு ஆணி இருக்கும். ஆனால் ஆணி எல்லாரும் அடிப்பார்கள். குழலுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது அவர் மட்டும்தான்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவர் நாலாவதுக்குப் போனார். போய்க்கொண்டே கதையைச் சொன்னார்.

அந்தத் துவக்கு மேற்கே அங்கோலாக் கரையிலிருந்து வணிகர்கள் மூலம் வந்தது. “எதற்கு மாற்றாக வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள், நானே சொல்கிறேன். தேன்மெழுகுக்கு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். என் அம்மா மட்டும் அது ஒரு பெண்பிள்ளைக்கு என்று சொல்வார். பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. அதன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. துவக்கின் பெயர் மட்டும் தெரியும்.”

பிறகு பிரித்தானியர் வந்தார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் மூன்றுநாள் நடந்து அதிகாரியின் அலுவலகமான கச்சேரிக்குப் போய் இலக்கம் குத்திக்கொண்டு வரவேண்டும். மருந்து வாங்க ஒரு கடதாசி; அதைப் புதுப்பிக்க இன்னொரு கடதாசி. மாமாவின் காலத்தில் குழல் வெடித்துவிட்டது. மாற்றுக் குழலுக்கு விண்ணப்பித்தார். இல்லை என்றார்கள். திரும்பவும் விண்ணப்பித்தார். துவக்கைக் கொண்டுவந்து ஒப்படை, பதிவை நீக்கிவிடுகிறோம் என்றார்கள்.

“மாமா வேடன். மூன்று கிராமத்துக்கு இறைச்சி கொடுத்தவர். துவக்கை ஒப்படைத்தால் பிறகு அவர் யார்? மிஷனில் உடைந்த தண்ணீர்ப் பம்பு ஒன்று கிடந்தது. அதன் குழாயை எடுத்துத் தானே பழுக்கக் காய்ச்சி, தானே அடித்துப் பொருத்தினார். ஒரு வருடம் வேட்டையாடினார். பிறகு டொக்டர் கண்டுபிடித்துவிட்டார். பொலிசுக்குச் சொல்லட்டுமா, அல்லது எனக்குத் தருகிறாயா என்று கேட்டிருக்கிறார்.”

நான் டொக்டரின் குறிப்பில் இருந்த ‘அன்பளிப்பு’ என்ற சொல்லை நினைத்தேன். அதையும் அட்டையில் அப்படியே பிரதிபண்ணியவள் நான்தான்.

அவர் எட்டாவதில் நின்றார். “மாமா போன வருடம் இறந்துவிட்டார். எங்களில் ஒருவர் இறந்தால் அவருடைய பெயரை மருமகன் எடுக்கவேண்டும். பெயர் சும்மா கிடக்கக்கூடாது. பெயர் எடுப்பவன் எல்லாருக்கும் முன்னால் அவருடைய துவக்கைக் கையில் பிடிக்கவேண்டும். என் அம்மா அவருடைய தங்கை. ஒவ்வொரு ஞாயிறும் போனில், கண்டாயா, கண்டாயா என்று கேட்கிறார். அவரும் நோயாளி. நான் துவக்கைத் தரச்சொல்லிக் கேட்க வரவில்லை, மிஸ். உங்கள் விதிகள் இருக்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தந்தால் போதும்.”

ஒன்பது. பத்து. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. கடைசித் துவக்கின் வாயிலிருந்து விரலை எடுத்து, வெள்ளைத் துணியில் பட்ட துருவைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “பதினொன்று எங்கே? இலக்கம் ஒன்று பாய்கிறது.”

கணித வாத்தியார். கண்டுபிடித்துவிட்டார்.

“அது அழிக்கப்பட்டுவிட்டது” என்றேன். “குழல் புதியது என்று தீர்மானிக்கப்பட்டது.”

அவர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். “புதியதா?” என்று ஒரு முறை கேட்டார். பிறகு, இருக்க இடம் பார்த்தார். நான் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டேன்.

கையுறைகளை மேசையில் வைத்துவிட்டு, “அதைப் பற்றி ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

அட்டை இருந்தது. நான் எடுத்த ஐந்து படங்களும் இருந்தன. பிரதி எடுத்துத் தருகிறேன் என்று மேலே ஓடினேன். இயந்திரத்தின் கண்ணாடியில் அட்டையைக் கவிழ்த்து வைக்கமுதல், கீழ்ப்பகுதியில் என் கையெழுத்து இருந்த இடத்தை ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டால் மூடினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கை தானாகச் செய்தது என்று சொல்லமாட்டேன். நான்தான் செய்தேன்.

அவர் அந்தப் பிரதியை மிகப் பொறுமையாக வாசித்தார். நீளம், வாயின் அகலம், ஆணிகளுக்கு இடையிலுள்ள தூரம், தோல் எத்தனை சுற்று, புரி எவ்வளவு ஆழம்.

“இதை எழுதியவர் நன்றாகப் பார்த்திருக்கிறார்” என்றார். “டொக்டர் இத்தனை வருடம் வைத்திருந்தும் இவ்வளவு பார்த்திருக்கமாட்டார். யார் இவர்?”

“முந்தி இங்கே வேலை செய்த ஒருவர்.”

“இப்போது இல்லையா?”

“இல்லை.”

கனகசபை அண்ணை வாசலைத் திறந்துவிட, அவர் கடிதவுறையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். “உந்த மனுசன் ஏன் பிள்ளை அழுதுகொண்டு போகுது?” என்று அண்ணை கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு அது நான் சொன்ன மூன்றாவது பொய்.

அடுத்த வருடம், ஒரு வேலைநாள் மத்தியானம், என் மேசைப் போன் அடித்தது. மிஸ்டர் முக்கும்பி. ஊருக்குப் போய்வந்திருந்தார். குரலில் அப்படியொரு சந்தோசம். படத்தை வைத்துக்கொண்டு பெயர் எடுக்க முடியாது என்று பெரியவர்கள் முதலில் மறுத்திருக்கிறார்கள். அப்போது கொல்லன் ஒருவன் அந்த அட்டையை வாசித்துக் காட்டச் சொன்னானாம். இவர் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்க்க, அவன் அந்த அளவிலேயே ஒரு துவக்குச் செய்திருக்கிறான். ஏழு ஆணி, அதே இடைவெளி, அதே தண்ணீர்க் குழாய்.

“உங்கள் அம்மா என்ன சொன்னார்?” என்று கேட்டேன். அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கையால் தடவிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இது அவன் இல்லை என்றார். ஆனாலும் பெயரைத் தந்துவிட்டார். அவருக்கு இனி நேரமில்லை. போன மாதம் போய்விட்டார்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மிஸ், ஒரு உதவி. அந்த அட்டையை எழுதியவரை எங்காவது கண்டால், அவருடைய அளவு ஒன்றும் பிழைக்கவில்லை என்று சொல்லுங்கள். என் புதிய பெயரில் நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்.”

அவர் அந்தப் பெயரைச் சொன்னார். நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். எழுத்துக்கூட்டி ஒருமுறை திரும்பவும் கேட்டுச் சரிபார்த்தேன்.

“சொல்கிறேன்” என்றேன்.